65,000 பெயர்களோடு நின்றுபோன 4 பைட் கோப்பு: ஹார்டு லிங்க் காப்புநகலைக் கைவிட வேண்டுமா?

கயல் | திங்கள், இரவு 10.15

எங்கள் அலுவலகக் கோப்பு சர்வரின் காப்புநகலில் கடந்த ஒன்பது இரவுகளாகச் சில கோப்புகள் விடுபட்டிருப்பதை இன்றுதான் கண்டுபிடித்தேன். எனக்கு முன் இப்பணியில் இருந்தவர் எழுதிவைத்துச் சென்ற ஷெல் ஸ்கிரிப்ட் ஒன்றுதான் இந்த வேலையைச் செய்துவருகிறது. அது ஒவ்வொரு கோப்பின் உள்ளடக்கத்துக்கும் ஷா-256 செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து பெறும் கைரேகை போன்ற எண்) கணக்கிட்டு, அந்த செக்சத்தையே பெயராகச் சூட்டி, 'குளம்' என்ற கோப்புறையில் ஒரே ஒரு பிரதியை வைத்துக்கொள்கிறது. பிறகு அன்றைய தேதியிட்ட கோப்புறையில் அந்தக் கோப்பு இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் குளத்துப் பிரதிக்கு ஒரு ஹார்டு லிங்க் போடுகிறது. அதாவது வட்டில் ஏற்கெனவே இருக்கும் ஐநோடுக்கே (கோப்பின் விவரங்களையும் உள்ளடக்கம் இருக்கும் இடத்தையும் குறித்துவைக்கும் பதிவுக்கே) இன்னொரு பெயர் வைக்கிறது. உரிமையாளர், அனுமதி, தேதி, செக்சம் ஆகியவை தனியே ஒரு பட்டியலில் பதிவாகின்றன. வட்டு 4 டிபி, கோப்பு முறைமை (வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் வடிவம்) லினக்ஸின் எக்ஸ்ட்4. ஓர் இரவுக்குச் சுமார் 8 லட்சம் கோப்புகளும் 60,000 கோப்புறைகளும் சேர்கின்றன.

விடுபட்டவை அனைத்தும் 'இன்ஸ்டாலர்' என்னும் ஒரே பெயருடைய 4 பைட் கோப்புகள். பைத்தானின் தொகுப்பு நிறுவும் கருவியான பிப், தான் நிறுவும் ஒவ்வொரு தொகுப்பின் தகவல் கோப்புறையிலும் தன் பெயரின் மூன்று ஆங்கில எழுத்துகளையும் ஒரு வரிமுறிவையும் எழுதிவைக்கிறது. அவ்வளவுதான் அந்தக் கோப்பு. எங்களிடம் ஆறு மெய்நிகர் சூழல்கள் (தனித்தனியே பைத்தான் தொகுப்புகளை வைத்துக்கொள்ளும் கோப்புறைகள்), ஒவ்வொன்றிலும் 30 தொகுப்புகள். ஆக 180 கோப்புகள், எல்லாவற்றுக்கும் ஒரே செக்சம், ஆகவே குளத்தில் ஒரே பிரதி. கோப்பின் விவரங்களைக் காட்டும் ஸ்டாட் கட்டளையில் பார்த்தபோது அந்தப் பிரதியின் லிங்க் எண்ணிக்கை மிகச் சரியாக 65,000 என்று இருந்தது. குளத்துப் பெயர் ஒன்று, 361 இரவுகளுக்கு 180 வீதம் 64,980. 362ஆம் இரவில் 19 லிங்க்குகள் மட்டும் விழுந்து, 161 விழவில்லை. அதற்குப் பிந்தைய எட்டு இரவுகளில் 180இல் ஒன்றுகூட விழவில்லை. 'டூ மெனி லிங்க்ஸ்' (லிங்க்குகள் அளவு மீறிவிட்டன) என்ற வரி ஸ்கிரிப்டின் லாகில் ஒவ்வோர் இரவும் பதிவாகியிருக்கிறது. அந்த லாகை யாரும் படிக்கவில்லை, நானும்தான்.

கோப்பு முறைமையை மாற்றுவதா, ஸ்கிரிப்டைத் திருத்துவதா, அல்லது இந்த முறையையே தலைமுழுகிவிடுவதா என்பதே என் கேள்வி. இரண்டு ஆண்டுகளுக்கு எல்லா இரவுகளின் நகலும் இருக்க வேண்டும் என்பது நிர்வாகத்தின் நிபந்தனை. எனவே பழையவற்றைக் கழித்துக் கட்டலாம் என்ற யோசனை எடுபடாது.

தணிகை | திங்கள், இரவு 11.02

ஸ்கிரிப்டில் பிழை இல்லை, வட்டில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. எக்ஸ்ட்4 தன் ஐநோடில் லிங்க் எண்ணிக்கைக்கு 16 பிட் இடம் மட்டுமே ஒதுக்குகிறது. அதில் 65,535 வரை எழுத முடியும். சற்று முன்னதாகவே 65,000இல் கோடு கிழித்துவிட்டார்கள். எக்ஸ்ட்3இல் அந்தக் கோடு 32,000இல் இருந்தது. நீங்கள் அதைப் பயன்படுத்தியிருந்தால் 178ஆம் இரவிலேயே இதே இடத்தில் முட்டியிருப்பீர்கள். எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு கோப்பு முறைமை இந்த எண்ணிக்கையை 32 பிட்டில் வைத்து, 214 கோடிக்கு மேல் அனுமதிக்கிறது. இரவுக்கு 180 என்ற வேகத்தில் அதை நிரப்ப 32,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். எக்ஸ்எஃப்எஸ்ஸில் ஃபார்மேட் செய்த புதிய வட்டுக்கு மாறுங்கள், விஷயம் முடிந்தது. பிடிஆர்எஃப்எஸ் பக்கம் மட்டும் போக வேண்டாம். அதன் எல்லை 65,535, ஆகவே உங்களுக்கு மூன்று இரவுகள்கூட முழுதாகக் கூடுதலாகக் கிடைக்காது.

செம்பருத்தி | செவ்வாய், காலை 7.40

தணிகை அவர்கள் நோயை விட்டுவிட்டு வெப்பமானியை மாற்றச் சொல்கிறார். ஹார்டு லிங்க் என்பது ஒரு கோப்புக்கு இரண்டு மூன்று பெயர்கள் தேவைப்படும் இடத்துக்காக உருவானது. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பாசிக்ஸ் தரநிலை ஒரு முறைமையிடம் குறைந்தபட்சமாகக் கேட்பது 8 லிங்க்குகள் மட்டுமே என்பதைப் பார்த்தாலே அந்தக் காலத்து எதிர்பார்ப்பு விளங்கும். அதன் மேல் ஒரு தரவுத்தளத்தைக் கட்டி எழுப்பிவிட்டு, தூண் தாங்கவில்லை என்று இப்போது நாம் குறைபட்டுக்கொள்கிறோம்.

கயல், உங்கள் ஸ்கிரிப்ட் செய்வதைத்தான் பேக்கப்பிசி என்ற மென்பொருள் தன் 3ஆம் பதிப்பு வரை செய்துவந்தது. உள்ளடக்கத்தின்படி ஒரு குளம், அதற்கு ஹார்டு லிங்க்குகள், பண்புகளுக்குத் தனிக் கோப்பு என்று அப்படியே உங்கள் வடிவம். 2017இல் வந்த 4ஆம் பதிப்பில் அதன் ஆசிரியரே ஹார்டு லிங்க்கை அடியோடு விட்டுவிட்டு, எத்தனை இடங்களில் ஒரு கோப்பு பயன்படுகிறது என்பதைத் தானே எண்ணி எழுதிவைக்கும் முறைக்கு மாறினார். ஆப்பிள் கணினிகளின் காப்புநகல் மென்பொருளான டைம் மெஷினும் அப்படித்தான்: 2007இல் லெப்பர்டு பதிப்போடு வந்தபோது எச்எஃப்எஸ் பிளஸ்ஸில் கோப்புறைகளுக்கே ஹார்டு லிங்க் போடும் வசதியை அதற்கென்று சேர்த்தார்கள், 2020இல் பிக் சர் வந்தபோது ஏபிஎஃப்எஸ் வட்டுகளில் அதைத் துறந்து ஸ்னாப்ஷாட்டுக்கு (வட்டின் அப்போதைய நிலையை அப்படியே பதிவுசெய்யும் முறைக்கு) போய்விட்டார்கள். இந்த வழியில் வெகுதூரம் நடந்த இருவரும் திரும்பி வந்துவிட்ட பிறகு, நாம் புதிய செருப்பு வாங்கிக்கொண்டு அதே வழியில் புறப்படுவது ஏன்? ரெஸ்டிக், போர்க் என்ற காப்புநகல் மென்பொருள்கள் இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அவை கோப்பைத் துண்டுகளாக்கித் தங்கள் களஞ்சியத்தில் வைத்துக்கொள்கின்றன. லிங்க் எண்ணிக்கை என்ற பேச்சே அங்கு எழாது.

நள்ளிரவுக் காவலர் | செவ்வாய், பிற்பகல் 1.25

இருவரும் எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. 65,000 என்பது தன்னளவில் சிறிய எண் அன்று. கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங் கருவியின் லிங்க்-டெஸ்ட் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். அது நேற்றைய நகலில் அதே பாதையில் இருந்த அதே கோப்போடு மட்டும் இன்றைய கோப்பை ஒப்பிட்டு, மாறாதிருந்தால் லிங்க் போடுகிறது. ஒரு கோப்புக்கு ஓர் இரவில் சேருவது ஒரு பெயர்தான். அந்தக் கணக்கில் எக்ஸ்ட்4இன் எல்லையைத் தொட 178 ஆண்டுகள் ஆகும். மணிக்கு ஒரு நகல் எடுத்தாலும் ஏழு ஆண்டுகளுக்கு மேல் தாங்கும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸில் ஒரு கோப்புக்கு மூலப்பெயரையும் சேர்த்து 1,024 பெயர்கள்தான் என்பதால் அங்கே நிலைமை வேறு. மணிக்கொரு நகல் எடுத்தால் 43 நாட்களில் கதவு அடைபடும்.

கயலின் ஸ்கிரிப்டில் நடந்திருப்பது பெருக்கல். ஒரே நகலுக்குள் ஒத்த கோப்புகளை ஒன்றாக்குவது ஒரு வேலை, நகலுக்கும் நகலுக்கும் இடையே ஒன்றாக்குவது இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே ஐநோடின் தலையில் ஏற்றியதால்தான் 1 என்பது 180 ஆனது. ஓஎஸ்ட்ரீ என்ற, இயங்குதளக் கோப்புகளை ஹார்டு லிங்க்காலேயே பரிமாறும் கருவியில் பூஜ்ய பைட் கோப்புகளை மட்டும் லிங்க் செய்யாமல் நகலெடுக்கச் சொல்லும் விருப்பத்தேர்வு ஒன்றும் இருக்கிறது. வெறுங்கோப்புகளும் குட்டிக் கோப்புகளுமே இப்படிக் கூட்டம் சேர்ப்பவை. பெரிய காணொளிக் கோப்பு ஒன்றுக்கு 65,000 பெயர்கள் வந்ததாக நான் கண்டதில்லை.

இன்னொன்று, செம்பருத்தி அவர்களே: எல்லையை மீறியதால் எதுவும் கெடவில்லை. கர்னல் (இயங்குதளத்தின் மையப்பகுதி) 'முடியாது' என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது, ஸ்கிரிப்ட்தான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பேக்கப்பிசியின் 3ஆம் பதிப்பில் இதற்கென்றே ஓர் அமைவு இருந்தது. அதன் இயல்பு மதிப்பு 31,999. லிங்க் எண்ணிக்கை அதைத் தொட்டதும் குளத்தில் அதே உள்ளடக்கத்துக்கு இரண்டாவது பிரதி ஒன்றை வைத்துக்கொண்டு அது மேலே போய்விடும். 4 பைட் கோப்புக்கு இரண்டாவது பிரதி என்றால் ஒரு ஐநோடும் 4 கேபி பிளாக் (வட்டில் இடம் ஒதுக்கும் அலகு) ஒன்றும் செலவு. இதற்காகக் கோப்பு முறைமையை மாற்ற வேண்டுமா? ரெஸ்டிக்குக்குக் குடிபெயர வேண்டுமா?

தணிகை | செவ்வாய், மாலை 6.10

காவலர் ஐயா, பெருக்கல் என்ற விளக்கத்தை ஏற்கிறேன். நான் அதைக் கவனிக்காமல் எழுதிவிட்டேன். ஆனால் பெருக்கலை ஏற்றுக்கொண்டால் என் வாதம் இன்னும் வலுக்கிறது. நாளை மெய்நிகர் சூழல்கள் ஆறிலிருந்து அறுபதாகலாம். அப்போது இரவுக்கு 1,800. எக்ஸ்ட்4இல் 36 இரவுகளுக்கு ஒருமுறை புதுப் பிரதி வேண்டும். எக்ஸ்எஃப்எஸ்ஸில் அந்தக் கவலையே வராது.

செம்பருத்தி | செவ்வாய், இரவு 8.55

தணிகை அவர்களே, அந்த எக்ஸ்எஃப்எஸ் வட்டுக்குப் பழைய நகல்களை எப்படிக் கொண்டுபோவீர்கள்? எக்ஸ்ட்4ஐ இருந்த இடத்திலேயே எக்ஸ்எஃப்எஸ்ஸாக மாற்றும் வழக்கமான வழி இல்லை. ஒவ்வொன்றாக நகலெடுக்க வேண்டும். 370 இரவுகள், இரவுக்கு 8 லட்சம் பெயர்கள்; கிட்டத்தட்ட 29.6 கோடிப் பெயர்கள். ஹார்டு லிங்க் உறவுகளைக் காப்பாற்றும்படி ஆர்சிங்கிடம் சொன்னால், எந்தப் பெயர் எந்த ஐநோடுக்கு உரியது என்பதை அது நினைவகத்தில் வைத்துக்கொண்டே போக வேண்டும். சொல்லாமல் விட்டால் ஒவ்வொரு பெயரும் தனிக் கோப்பாக விரிந்து, 4 டிபி அல்ல, 400 டிபி வட்டு கேட்கும். பேக்கப்பிசியின் பழைய குளத்தை வேறு வட்டுக்கு மாற்ற முயன்ற எவரிடமும் கேட்டுப் பாருங்கள். பிளாக் பிளாக்காக வட்டையே டிடி கட்டளையால் நகலெடுப்பதுதான் நடைமுறை வழி என்பார்கள். அப்படி நகலெடுத்தால் கிடைப்பது மறுபடியும் எக்ஸ்ட்4.

ஹார்டு லிங்க்கின் மெய்யான விலை இதுதான். எண்ணிக்கை எல்லை நமக்கு முதலில் கண்ணில் பட்டது, அவ்வளவே. இன்னும் இரண்டு சொல்கிறேன். கோப்புகளுக்கு லிங்க் போடலாம், லினக்ஸில் கோப்புறைகளுக்குப் போட முடியாது. ஆகவே மாற்றமே இல்லாத இரவிலும் 60,000 புதிய கோப்புறைகள் உருவாகின்றன. ஒவ்வொன்றும் குறைந்தது 4 கேபி. 370 இரவுகளுக்கு 2.22 கோடி ஐநோடுகளும் ஏறத்தாழ 91 ஜிபி இடமும் வெறும் கோப்புறைகளுக்கே போயிருக்கின்றன. அடுத்தது, அனுமதியும் தேதியும் ஐநோடில் இருப்பவை, பெயரில் இருப்பவை அல்ல. யாரோ ஒருவர் அவசரத்தில் ஒரு பழைய தேதிக் கோப்புறைக்குள் போய் அனுமதியை மாற்றினால் 370 இரவுகளிலும் மாறும். உள்ளே ஒரு வரியைச் சேர்த்தால் 370 இரவுகளிலும் சேரும். நகல் என்ற பெயரில் நீங்கள் வைத்திருப்பது ஒரே கோப்புக்குப் பல கதவுகள்.

நள்ளிரவுக் காவலர் | புதன், காலை 6.20

டிடி விஷயத்தில் நீங்கள் சொல்வது முழு உண்மை. அதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. தணிகையின் யோசனை பழைய நகல்களுக்குப் பொருந்தாது, இனி தொடங்கும் புதிய வட்டுக்கு மட்டும் பொருந்தும்.

மற்ற இரண்டையும் நான் அப்படியே விழுங்கத் தயாரில்லை. கோப்புறைகளுக்கான 2.22 கோடி ஐநோடு என்பது கேட்கப் பெரிதாக இருக்கிறது. எக்ஸ்ட்4 இயல்பாக 16,384 பைட்டுக்கு ஒரு ஐநோடு என்று ஒதுக்குவதால் 4 டிபி வட்டில் சுமார் 24.4 கோடி ஐநோடுகள் இருக்கும். பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. பழைய நகலுக்குள் கைவைக்கும் ஆபத்தைப் பொறுத்தவரை, நகல் ஓடும் நேரம் தவிர மற்ற நேரத்தில் அந்த வட்டை எழுத முடியாதபடி மவுண்ட் செய்வதுதான் எந்தக் காப்புநகலுக்கும் உரிய ஒழுக்கம். ரெஸ்டிக் களஞ்சியத்துக்குள் புகுந்து ஒருவர் கோப்பை அழித்தாலும் இதே கதிதான்.

ஹார்டு லிங்க் நகலின் பெருமையை நீங்கள் யாரும் சொல்லவில்லை, ஆகவே நான் சொல்கிறேன். இரவு இரண்டு மணிக்கு ஒருவர் கோப்பு போய்விட்டது என்று தொலைபேசியில் அழைக்கும்போது, தேதியிட்ட கோப்புறையைத் திறந்து, கண்ணால் பார்த்து, நகலெடுத்துக் கொடுக்கலாம். கடவுச்சொல் வேண்டாம், சிறப்பு மென்பொருள் வேண்டாம், களஞ்சியத்தின் பதிப்பு எண் பொருந்துகிறதா என்ற சோதனை வேண்டாம். எக்ஸ்ட்4ஐப் படிக்கத் தெரிந்த எந்த லினக்ஸ் கணினியும் போதும். இந்த எளிமைக்காக 91 ஜிபி கொடுப்பதை நான் வீண் செலவாகக் கருதவில்லை.

இளவேனில் | புதன், காலை 9.05

இடையில் ஒரு சொல். எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் இரண்டிலும் ரீஃப்லிங்க் இருக்கிறதே. அதில் ஒவ்வொரு நகலுக்கும் தனி ஐநோடு, உள்ளடக்கப் பிளாக் மட்டும் பொது. லிங்க் எல்லை குறுக்கிடாது, அனுமதி மாற்றினாலும் மற்றவற்றைத் தொடாது, ஒரு நகலில் எழுதினால் அதற்கு மட்டும் புதுப் பிளாக் பிறக்கும். செம்பருத்தி அவர்களின் இரண்டாவது குறை இதில் தீர்ந்துவிடுகிறது.

நள்ளிரவுக் காவலர் | புதன், காலை 9.50

தீர்கிறது, ஆனால் 8 லட்சம் கோப்புகளுக்கும் ஒவ்வோர் இரவும் புதிய ஐநோடு வேண்டும். எக்ஸ்எஃப்எஸ்ஸில் இயல்பு அளவு 512 பைட்; இரவுக்கு 410 எம்பி, ஆண்டுக்கு 150 ஜிபி அளவில் வரும். அதுவும் கட்டுப்படியாகும் என்றே வைத்துக்கொள்வோம். ஆர்சிங்குக்கு ரீஃப்லிங்க் உறவு தெரியாது என்பதால், வேறு வட்டுக்கு மாற்றும்போது எல்லாம் விரிந்துவிடும். ஹார்டு லிங்க்குக்காவது நினைவகத்தைத் தின்றுகொண்டேனும் ஒரு வழி இருக்கிறது.

செம்பருத்தி | புதன், பிற்பகல் 12.30

காவலர் ஐயா, உங்கள் இரண்டு மணி அழைப்பு வாதத்தை மதிக்கிறேன். ஆனால் கயலின் அமைப்பில் அந்த எளிமையே பாதிதான் இருக்கிறது. உரிமையாளரும் தேதியும் தனிப் பட்டியலில் இருப்பதால், கோப்புறையிலிருந்து வெறுமனே நகலெடுத்தால் உள்ளடக்கம் மட்டுமே வரும். ஓர் ஆறு மாதக் கோப்புக்குக் குளத்தில் முதன்முதலாக நுழைந்த பிரதியின் தேதி ஒட்டிக்கொண்டு வரும். மேலும், 65,000 பெயர்களுக்கும் அடியில் இருப்பது ஒரே ஒரு பிளாக். எக்ஸ்ட்4 கோப்பின் உள்ளடக்கத்துக்கு செக்சம் வைப்பதில்லை. அந்தப் பிளாக் பழுதானால் 361 இரவுகளும் ஒருசேரப் போகும், யாருக்கும் தெரியவும் வராது. ரெஸ்டிக்கில் முழுத் தரவையும் படித்துச் சரிபார்க்கும் கட்டளை இருக்கிறது.

நள்ளிரவுக் காவலர் | புதன், பிற்பகல் 3.15

முதல் குறையை ஒப்புக்கொள்கிறேன். லிங்க்-டெஸ்ட் முறையில் அது வராது, குளம் முறையில் வரும். இரண்டாவதற்குப் பதில் கயலின் கையிலேயே இருக்கிறது. குளத்தில் ஒவ்வொரு கோப்பின் பெயரும் அதன் செக்சம்தானே? மாதம் ஒருமுறை குளத்தில் உள்ள எல்லாக் கோப்புகளுக்கும் ஷா-256 கணக்கிட்டுப் பெயரோடு பொருந்துகிறதா என்று பார்த்தால், பழுதானவை தாமாகவே காட்டிக்கொடுத்துவிடும். அந்த ஸ்கிரிப்டை எழுதியவர் அறிந்து செய்தாரோ அறியாமல் செய்தாரோ, நல்ல பெயரிடும் முறையை விட்டுச் சென்றிருக்கிறார்.

கயல், திருத்தும்போது ஒன்றைக் கவனியுங்கள். லிங்க் போடும் எல்என் கட்டளை, லிங்க் எல்லை என்றாலும் வட்டு நிறைந்தது என்றாலும் அனுமதி இல்லை என்றாலும் 1 என்ற ஒரே எண்ணைத்தான் ஷெல்லுக்குத் திருப்பித் தரும். தோல்வி வந்த பிறகு காரணத்தைத் தேடுவதைவிட, லிங்க் போடுவதற்கு முன்பே ஸ்டாட் மூலம் எண்ணிக்கையைக் கேட்டு, 64,000ஐத் தாண்டியிருந்தால் குளத்தில் பின்னொட்டு எண்ணோடு அடுத்த பிரதியைத் தொடங்குங்கள். வேறு எந்தத் தோல்வி வந்தாலும் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்று உங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பட்டும்.

கயல் | வியாழன், இரவு 11.40

நேற்று மாலையே ஒரு சிறு கோப்பில் எக்ஸ்ட்4 பிம்பம் ஒன்றை உருவாக்கி, அதற்குள் ஒரு சுற்றில் எல்என் கட்டளையை ஓடவிட்டுப் பார்த்தேன். 64,999 முறை சென்று, அடுத்ததில் அதே பிழைச்செய்தியோடு நின்றது. எக்ஸ்எஃப்எஸ் பிம்பத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டியும் அலட்டிக்கொள்ளாமல் ஓடியது; நான்தான் நிறுத்தினேன். பழைய வட்டை எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கு மாற்றும் எண்ணத்தைக் கைவிட்டேன். அடுத்த வட்டு வாங்கும்போது தணிகை அவர்கள் சொன்னபடி அதில் தொடங்குவேன்.

ஸ்கிரிப்டைக் காவலர் ஐயா சொன்னவாறு திருத்திவிட்டேன். விடுபட்ட ஒன்பது இரவுகளை எப்படி மீட்பது என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். பட்டியலைத் திறந்தபோது அந்த இரவுகளிலும் எல்லாப் பாதைகளும் செக்சங்களோடு பதிவாகியிருந்தன. பட்டியல் எழுதும் வரி, லிங்க் போடும் வரிக்கு முன்னதாக இருந்தது. இந்த விவகாரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நல்லூழ் அது. பட்டியலில் இருந்து கோப்புறையில் இல்லாத பெயர்களை மட்டும் பொறுக்கி, புதிய பிரதிக்கு லிங்க் போட்டேன்.

செம்பருத்தி அவர்களின் பேச்சும் மனத்தில் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை முதல் சர்வரிலிருந்து நேரடியாக ரெஸ்டிக்கில் இன்னொரு நகல், வேறு வட்டில், வாரம் ஒருமுறை எடுக்கவிருக்கிறேன்.

செம்பருத்தி | வெள்ளி, காலை 7.15

வாரம் ஒருமுறை போதாது என்பேன், ஆனாலும் தொடக்கம் நன்று. பட்டியல் முந்திக்கொண்டதை நல்லூழ் என்று விட்டுவிடாமல், அந்த இரண்டு வரிகளின் வரிசை மாறக்கூடாது என்று ஸ்கிரிப்டிலேயே ஒரு குறிப்பு எழுதிவையுங்கள். உங்களுக்குப் பின் வருபவர் அதைத் திருப்பிப் போட்டுவிடலாம். மீட்டவற்றின் எண்ணிக்கையை ஒத்துப் பார்த்தீர்களா?

கயல் | வெள்ளி, காலை 8.05

குறிப்பு எழுதிவிட்டேன். எண்ணிக்கையும் பார்த்தேன்: முதல் இரவில் 161, அடுத்த எட்டில் 180 வீதம் 1,440, குளத்துப் பெயர் ஒன்று. திருத்திய ஸ்கிரிப்ட் நேற்று இரவு ஓடுவதற்கு முன் ஸ்டாட் 1,602 என்று காட்டியது. இன்று காலை 1,782.